போலி நிருபர் கைது

மகளிர் காவல் நிலையத்து வாசலில் கிடந்த சிமெண்டுப் பெஞ்சில் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார், மடியில் தூக்குவாளி, அதில் மனைவி ரோஸ்லின் வைத்துக் கொடுத்த இட்லி, இட்லியின் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் சுட்டது, சுடட்டும் என்று விட்டுவிட்டார். உள்ளே அவருடைய மகள் ஜெபக்கனி இருந்தாள். மத்தியானம் பிடித்தார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், ஜீப்பில் ஏற்றுமுன் ரெண்டு வார்த்தை பேசிக்கிடுங்க சார் என்று ஏட்டம்மா சொல்லியிருந்தாள். ரெண்டு வார்த்தையில் அவள் என்ன கேட்பாள் என்று பெற்றவருக்குத் தெரியாதா? அம்மா அழுதாளா என்று கேட்கமாட்டாள். ஜாமீன் எப்போது என்று கேட்கமாட்டாள். யப்பா, செய்தி போட்டாச்சா? அதைத்தான் கேட்பாள், வேறு ஒன்றும் கேட்கமாட்டாள். போடவில்லை மகளே. போடவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை, போட இருந்ததை எடுத்தாச்சு, எடுத்தது வேறு யாருமில்லை, இந்தக் கைதான். கையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்தவன் எழுதினதை வெட்டிச் சீர்பண்ணியே வயசான கை. இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்துவிட்டு வந்திருந்தது.

‘தினப்பொருநை’யில் அவர் தலைமை உதவி ஆசிரியர். பேர்தான் பெரிசு, வேலை என்னவோ நிருபர்கள் அனுப்புகிறதைக் கத்தரித்துத் தலைப்பு வைத்துப் பக்கத்தில் அடைக்கிறதுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் போலீஸ் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து விழும், எல்லாப் பேப்பருக்கும் ஒரே குரூப், ஒரே குறிப்பு, காற்புள்ளிகூட மாறாது. பேரூராட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்து, பத்திரிகையாளர் எனக் கூறி, அதிகாரியைப் பணி செய்யவிடாமல் மிரட்டிய பெண், என்கிற மட்டும்தான் படித்தார், மிச்சத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, இந்த மாதிரிக் குறிப்பு எத்தனை பார்த்தாச்சு, கை தானாகவே மேலே அடித்தது: போலி நிருபர் கைது. அரசாங்க அட்டை கழுத்தில் தொங்காதவன் எல்லாம் போலி, அது அங்கே யாரும் யோசிக்காத வழக்கம். தலைப்பை அடித்துக் கறுப்பாக்கி, எழுத்தைப் பெரிசு பண்ணிவிட்டு, வயசு, ஊர் சரிபார்க்கக் கீழே வந்தார். ஜெபக்கனி, தகப்பனார் பெயர் பாக்கியநாதன். யாரோ ஒரு பாக்கியநாதன் என்றுதான் முதலில் நினைத்தார். ஐயோ, சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். பாவம் எந்த அப்பனோ என்று ஒரு நொடி இரக்கப்பட்டார்கூட. அப்புறம் கண் மேலே போயிற்று, தான் வைத்த தலைப்புக்கு. கடவுளே, உடனே அதை அழிக்கப் போனார். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் போயிற்று, மொத்தமாக அழிக்கிற வழி அந்த நேரத்துக்கு மறந்துபோயிற்று.

ஆசிரியர் கதிரேசன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. வயதில் சின்னவன், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான், அறைக்கு வரச்சொல்லித் தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினான். இவர் அதற்குள் வேறு தலைப்பு எழுதிக் கொண்டுபோயிருந்தார், பெண் நிருபர் கைது என்று, கூடவே அந்தப் பெண் என்ன கேட்கப்போனாள் என்று நாலு வரி. கதிரேசன் படித்தான், மோவாயைத் தடவினான். ‘அதிகாரி தரப்பு விளக்கம் இல்லாம இந்த நாலு வரி எப்படி அண்ணாச்சி போடுறது? உங்களுக்குத் தெரியாததா? குறிப்புல இருக்கிறபடி போட்டா போலின்னுதான் வரும். இல்லன்னா போடவே வேண்டாம். நம்ம வீட்டுப் பிள்ளை, நான் எடுத்துருதேன். மத்தப் பேப்பருக்கும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க.’ உபகாரம்! இத்தனை வருஷம் உழைத்ததற்கு அவன் செய்கிற உபகாரம் அது. வேண்டாம் கதிரேசா என்று சொல்லியிருக்கலாம். தன் இடத்துக்கு வந்து ஒவ்வொரு பேப்பருக்காகப் போன் போட்டார், அங்கேயிருக்கிறவர்கள் எல்லாம் பழைய ஆட்கள், ஒருத்தருக்கொருத்தர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் நின்றவர்கள், அண்ணாச்சி நீங்க இதைக் கேக்கணுமா, எடுத்தாச்சுன்னு வச்சுக்கிடுங்க என்றார்கள், ஒருத்தன் போனிலேயே அழுதான். மாவட்டத்தில் ஒரு பேப்பர் பாக்கியில்லாமல் அந்தச் செய்தி மறைந்துபோயிற்று. காலியான இடத்தில் நாளை மின்தடை என்று எந்தெந்தத் தெருவில் கரண்டு இருக்காது என்பதைப் போட்டு நிரப்பினார். சரியாகப் பொருந்திற்று.

அதற்கு நடுவில்தான் ரோஸ்லின் போன். ‘பேப்பர்ல வராமப் பாத்துக்கிடுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். போலி கீலின்னு போட்டுட்டான்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான் அவளை? சபையில மூஞ்சியை எங்க கொண்டு வைக்க?’ தாய் மனசு, அவளை என்ன சொல்ல. வராது வராது என்றார். வராது என்று சொன்னதும் அவள் விம்மி விம்மிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். இவருக்குத்தான் எரிச்சலாக வந்தது. பெஞ்சில் கொசு பிடுங்கியது, உள்ளே வயர்லெஸ் கரகரவென்று என்னவோ சொன்னது, யாரோ சிரித்தார்கள், ஆண் சிரிப்பு, மகளிர் நிலையத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று எட்டிப் பார்த்தார். அடிப்பார்களோ? சே, பத்திரிகைக்காரன் மகள் என்று தெரியும், அடிக்கமாட்டார்கள். ஆனால் அவள் அதைச் சொல்லியிருக்கமாட்டாளே, செத்தாலும் சொல்லமாட்டாளே. என் பேரைச் சொல்லியாவது தப்பித்துக்கொள்ளட்டி என்று போன வருஷம் ஒருதரம் சொன்னதற்கு, உங்க பேரைச் சொன்னா என்னைய உள்ள விட்டுருவாங்க, கேள்வி கேக்க விடமாட்டாங்கப்பா என்று சிரித்தாள். சின்ன வயசில் இருந்தே வாய், அவ்வளவு வாய். இந்த வாயை வைத்துக்கொண்டு இவள் எங்கே போய்ப் பிழைக்கப்போகிறாள் என்று அவளுடைய ஞானஸ்நானத்தன்றைக்கே போதகர் கேட்டார், அப்படி வீறிட்டு அழுதாள். எல்லாரும் சிரித்தார்கள். இவரும்தான் சிரித்தார்.

‘வட்டாரம் டிவி’ என்று அவள் ஆரம்பித்தபோதும் சிரிக்கத்தான் செய்தார். டிவியாம், கையில் ஒரு போன், குச்சியில் சொருகின மைக், அதைச் சுற்றி அவளே ஒட்டின மஞ்சள் அட்டை. வீடியோவுக்கு மேலே சிவப்பெழுத்தில் அதிர்ச்சி, பதறவைக்கும் காட்சி என்று போடுவாள், ஒரு கேள்விக்குறி போதாதென்று மூன்று போடுவாள். ஏட்டி, எங்க பேப்பர்ல இந்த மாதிரித் தலைப்பு வச்சா சீட்டைக் கிழிச்சிருவாங்க என்பார். உங்க பேப்பர்ல அதிர்ச்சியே வராதுப்பா, அதிகாரி விளக்கம்தான் வரும் என்பாள். ஒருதரம் உயிரோடிருக்கிற ஒரு தலைவரை விபத்தில் செத்துப்போனார் என்று சொல்லிவிட்டாள், இவர் வீட்டில் குதித்தார், இதுக்குத்தான் விசாரிச்சுப் போடணும்ங்கிறது என்று. அன்றைக்கு சாயங்காலமே அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னது தப்பு, விசாரிக்காமச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க என்று முகத்தைக் காட்டிச் சொன்னாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அதைப் பார்த்தார். அவள் வீடியோ எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பார். அவருடைய பேப்பரில் திருத்தம் என்று பொடியெழுத்தில் வருமே, அதைக்கூட எந்த மூலையில் ஒளிக்கலாம் என்று தேடிப் போடுகிறவர் அவர்தான். அவள் எடுத்த வீடியோவில் இருந்து படத்தை வெட்டிப் பேப்பரில் போடுவார்கள், சமூக வலைதளங்களில் பரவி வருகிறது என்று எழுதுவார்கள், அவள் பேர் வராது, மஞ்சள் அட்டையையும் படத்தில் தெரியாமல் வெட்டிவிடுவார்கள். உடனே போன் வரும். ‘யப்பா, யாருப்பா இந்தச் சமூக வலைதளம்? எந்த ஊர்க்காரரு? நல்லா வீடியோ எடுக்காரே, நம்ம சேனலுக்கு வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க.’ சொல்லிவிட்டுக் கெக்கெக்கென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் கேட்டு, அவர் தூக்குவாளியின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தங்கமாரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரிக்கவில்லை. மணல்விளை பீடிக் காலனியில் ரெண்டாம் வகுப்புப் படித்த பிள்ளை. கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போயிற்று. காலனியில் வீட்டுக்கு ஒருத்தர் காய்ச்சலில் கிடந்தார்கள். நிருபர் அனுப்பினான், இவர் தலைப்பு வைத்தார், மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி. என்ன காய்ச்சல் என்று அதிகாரி வாயைத் திறக்காதவரைக்கும் பேப்பரில் எல்லாக் காய்ச்சலும் மர்மம்தான். மறுநாள் காலை அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்கு வந்தாள், இவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ‘என்னப்பா மர்மம்? சாக்கடைக்குள்ள குடிதண்ணிக் குழாய் கிடக்கு, உடைஞ்சு கிடக்கு, நான் கையை விட்டுப் பாத்தேன், இதுல மர்மம் என்ன இருக்கு?’ அதிகாரி சொல்லணும்லட்டி என்றார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார், சின்னப் பிள்ளையில் மிட்டாய் இல்லை என்று சொன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. ‘சரிப்பா, நான் போய் அவரைச் சொல்லவைக்கேன்’ என்றாள். போய்க் கேட்டாள், அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனாள், மறுபடியும் அனுப்பினார்கள். இன்றைக்கு பேரூராட்சி எஞ்சினியர் அறை வாசலில் போனை நீட்டிக்கொண்டு, எப்போ சார் குழாயை மாத்துவீங்க, தேதி சொல்லுங்க என்று கேட்டிருக்கிறாள். தேதி சொல்லுங்க என்பதைத்தான் குறிப்பில் மிரட்டல் என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி விளக்கம் வாங்கத்தானே போனாள், அதைத்தானே நான் கேட்டேன் என்று நினைத்தபோது உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து வேப்பமரத்தடி வரைக்கும் போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வக்கீலம்மா நூர்ஜகான் உள்ளேயிருந்து வந்தது அப்போதுதான். ஜெபக்கனியின் தோழி, அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள். பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். ‘நல்லாத்தான் இருக்கா மாமா, பயப்படாதீங்க. போனைப் பிடுங்கிட்டாங்க, எடுத்த வீடியோ எல்லாம் அதுலதான் கிடக்கு, சேனலைத் திறக்க முடியலை. கூட நிக்கிற பையங்க ரெண்டு பேரும் போனை அமத்திட்டு எங்கேயோ போய்ட்டாங்க. இப்போ இருக்கிறது பேப்பர் மட்டும்தான் மாமா. காலையில பேப்பர்ல வந்துட்டா இவங்க கொஞ்சம் யோசிப்பாங்க, காலனி சனங்களும் வெளிய வருவாங்க, ஜாமீனுக்கும் தோது. அவ உங்ககிட்ட இதைச் சொல்லச் சொன்னா. போலின்னு போட்டாலும் பரவாயில்லை, கைதுன்னு வந்தாப் போதும், எதுக்குன்னு சனங்க கேப்பாங்கன்னு சொல்றா.’ பாக்கியநாதன் தலையை ஆட்டினார். போலின்னு போட்டாலும் பரவாயில்லையாம். அடிப்பாவி! நான் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானட்டி ஊரெல்லாம் கெஞ்சி எடுத்தேன். நூர்ஜகான் மாஜிஸ்திரேட் வீட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காத்திருந்து கதிரேசனுக்குப் போன் அடித்தார். வெளியூர்ப் பதிப்பு போய்விட்டது, டவுன் பதிப்பு இன்னும் போகவில்லை, அது அவருக்குத் தெரியும். ‘சொல்லுங்க அண்ணாச்சி.’ அந்தச் செய்தி, என்றார். ‘ஆமா.’ போட்டுருவமா? போனில் பின்னால் யாரோ படத்துக்குக் கீழே என்ன எழுத என்று கேட்கிற சத்தம் வந்தது. ‘குறிப்புல இருக்கிறபடியா அண்ணாச்சி? அப்படித்தான் போட முடியும். உங்க பேரும் அதுல இருக்கு. போலின்னு தலைப்பு வச்சு உங்க மக பேரைப் போடவா? நீங்க சொல்லுங்க, போடுதேன்.’ சொல்லு. சொல்லித் தொலை. ஒரு ஆமாம்தானே. அவளே போடச் சொல்லிவிட்டாள், இனி உனக்கென்ன? ஆனால் கண்ணுக்கு முன்னால் அந்தக் கறுப்பெழுத்து வந்து நின்றது, அவர் அடித்த எழுத்து, அவர் பெரிசாக்கின எழுத்து, அதற்குக் கீழே அவர் ஆசை ஆசையாகத் தேடிவைத்த பேர், டீக்கடையில் எவனெவனோ அதைச் சத்தமாக வாசிக்கிறான், எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்புகிறான், ரோஸ்லின் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வேண்டாம் கதிரேசா, என்றார். ‘சரி அண்ணாச்சி, மனசைத் தேத்திக்கிடுங்க.’ போனை மடியில் வைத்தார். இட்லிச் சூடு ஆறியிருந்தது.

இனி அவளிடம் என்ன சொல்ல? உள்ளதைச் சொல்லிவிடலாம். போடலைம்மா, அப்பாவுக்குத் தைரியம் இல்லை. சொன்னால் என்ன செய்வாள், திட்டமாட்டாள், சரிப்பா என்பாள், அந்தச் சரிப்பாவைத்தான் தாங்க முடியாது. இடம் இல்லைன்னு சொல்லலாமா, விளம்பரம் ஜாஸ்தின்னு? அவளுக்கு அந்தப் பொய் எல்லாம் தெரியும், சின்னப் பிள்ளையில் இருந்து அவர் நிருபர்களுக்குப் போனில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள். நாளைக்கு வரும்னு சொல்லலாம். நாளைக்கு வராதே. தெருவிளக்கு எரிந்தது. எதிர்த்த கடையில் ஒருத்தன் இன்றைய பேப்பரைக் கிழித்து வடையைப் பொதிந்து கொடுத்தான், எந்தப் பேப்பர் என்று அனிச்சையாகக் கண் போயிற்று, அவர்களுடையதுதான். உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஜீப் டிரைவர் பீடியைக் காலில் தேய்த்துவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பினான். பாக்கியநாதன் தூக்குவாளியோடு எழுந்தார்.

ஜெபக்கனி வந்தாள். ரெண்டு பக்கமும் பெண் போலீஸ். தலை கலைந்திருந்தது, துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள், இடது முழங்கையில் சிராய்ப்பு. அவரைப் பார்த்ததும் நடையை எட்டிப்போட்டாள்.

‘யப்பா, போட்டாச்சா?’

‘போட்டாச்சு’ என்றார்.

அவர் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று. அவள் அப்படியே நின்றாள். பிள்ளைக்கு நம்பவே முடியவில்லை.

‘உங்க பேப்பர்லயா? நெசமாவா? எந்தப் பக்கம்?’

‘மூணாம் பக்கம். மேல.’

‘போலின்னா?’

‘இல்லட்டி.’

‘பின்ன என்னன்னு?’

‘குடிநீரில் சாக்கடை: கேள்வி கேட்ட நிருபர் கைது’ என்றார் பாக்கியநாதன். சொல்லத் தொடங்கினதும் நிற்கவில்லை, ஒரு எழுத்து தட்டவில்லை, பக்கத்தை முன்னால் விரித்து வைத்துப் படிக்கிறமாதிரி வந்தது. ‘மணல்விளை பீடிக் காலனியில் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்ததில், இரண்டாம் வகுப்பு மாணவி தங்கமாரி மஞ்சள்காமாலைக்குப் பலியானாள். உடைந்த குழாயை எப்போது மாற்றுவீர்கள் என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேள்வி எழுப்பிய ‘வட்டாரம் டிவி’ நிருபர் ஜெபக்கனி நேற்று கைது செய்யப்பட்டார். இதுகுறித்து விளக்கம் கேட்டபோது அதிகாரிகள் பதிலளிக்கவில்லை.’

அவள் கண் நிறைந்துவிட்டது. ஏட்டம்மாவைத் திரும்பிப் பார்த்து, ‘எங்கப்பா எழுதினது அக்கா, எங்கப்பா’ என்றாள். ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு, ‘ஏறும்மா, நேரமாகுது’ என்றாள். அவர் தூக்குவாளியை நீட்டினார், அவள் அதை வாங்காமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

‘நேரா எழுதியிருக்கீங்கப்பா. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை.’ ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள், கம்பி வழியாக முகத்தை நீட்டினாள். ‘தங்கமாரி அம்மைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்பா. மக பேர் ஒருதரமாவது சரியா அச்சுல வரணும்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாங்க. காலையில முதல் வேலையா ஒரு பேப்பரைக் கொண்டு அவங்க கையில கொடுத்துருங்கப்பா. வேற யார்கிட்டயும் கொடுத்துவிடாதீங்க, என்ன?’

‘நானே கொண்டுபோய்க் கொடுக்கேன்’ என்றார் பாக்கியநாதன்.